குழலின் மறுமுனை

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், பவிங்டன் என்ற ஊரில், டாங்கிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ‘டைகர் 131’ என்று பெயர் பெற்ற ஜெர்மானிய டாங்கி ஒன்று நிற்கிறது. அதன் பீரங்கிக் குழலுக்குக் கீழே குனிந்து பார்த்தால், இரும்பை யாரோ கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி ஒரு பள்ளம் தெரியும். 1943 ஏப்ரலில் துனீசியாவின் ஒரு குன்றில் பட்ட அடி அது. பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கி ஒன்று சுட்ட ஆறு பவுண்டர் குண்டு குழலின் அடிப்பக்கத்தில் பட்டு, கீழ்நோக்கித் தெறித்து, சுழல்கோபுரம் உடலோடு சேரும் வளையத்தில் போய்ச் செருகிக்கொண்டது. கோபுரம் திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்கள் அடிபட்டவர்களையும் இழுத்துக்கொண்டு இறங்கி ஓடிவிட்டார்கள். 57 டன் எடையும் 88 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்ட, அந்தப் போரின் மிகவும் அஞ்சப்பட்ட டாங்கி, ஏறக்குறைய முழுசாக எதிரியின் கைக்கு வந்து சேர்ந்தது.

1990-ல் அதைப் பிரித்துப் போட்டுச் சீரமைக்கத் தொடங்கினார்கள். 2003 டிசம்பரில் ஓடுகிற வண்டியாக அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தது. பதின்மூன்று வருடம். அதற்குப் பிறகும் வேலை நடந்து, துனீசியாவில் இருந்தபோது இருந்த நிறத்தை அடித்து முடிக்க 2012 ஆகிவிட்டது. இவ்வளவு செய்தவர்கள் அந்தப் பள்ளத்தை மட்டும் அடைக்கவில்லை.

ஏன் என்று நான் முதலில் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தவர் என் சித்தப்பா.

சித்தப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விக்கர்ஸ் வடிவமைப்பை வைத்து 1965 முதல் அங்கே தயாரான விஜயந்தா டாங்கிகள்தான் அவருடைய இளமை. ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகையில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் பிரித்து மாட்டுவார். அந்தப் பள்ளத்தின் படத்தை செல்போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “வெல்டிங் வச்சு ரொப்பி, கிரைண்டிங் போட்டா தெரியவே தெரியாதே. ஏன் விட்டுட்டானுங்க?” என்றார். வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறார்கள் என்றதும், “அப்ப எஞ்சினை எதுக்கு ஓட வச்சானுங்க? அடிபட்டதுதான் வேணும்னா அடிபட்ட மாதிரியே விட்டிருக்கணும்ல?” என்று கேட்டார்.

இதை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். அவருக்கு அது கேலி. எனக்கு, பழைய பொருளைச் சீரமைப்பது பற்றி நான் படித்த பலவற்றைவிடவும் கூர்மையான கேள்வியாகப் பட்டது. ஒரு பொருளுக்கு நீண்ட ஆயுள் இருக்கிறது. சீரமைக்கிறவர் அதில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, இந்த நாள்தான் இது என்று நிறுத்துகிறார். டைகர் 131 விஷயத்தில் இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து ஒட்ட வைத்திருக்கிறார்கள். குழல், அடிபட்ட நாளில் நிற்கிறது. எஞ்சின், அதற்கு முந்தைய நாளில் ஓடுகிறது.

அந்த எஞ்சினுக்கும் ஒரு கதை உண்டு. டாங்கியோடு வந்தது மேபாக் எச்.எல். 210 என்ற பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்காக அதை எப்போதோ அறுத்துத் திறந்து காட்சிக்கு வைத்துவிட்டார்கள். அதனால் சீரமைப்பின்போது, அதே அருங்காட்சியகத்தில் இருந்த இன்னொரு டாங்கியின், கிங் டைகரின், எச்.எல். 230 எஞ்சினைக் கழற்றி இதில் பொருத்தினார்கள். எஞ்சின் அறையில் இன்றைய தீயணைப்பு அமைப்பும் சேர்ந்தது. ஆக 2003-ல் உறுமியபடி வந்தது, ஒன்றின் உடலும் இன்னொன்றின் இதயமும்.

தத்துவ வகுப்பில் இந்த இடத்தில் தீசியஸின் கப்பல் வந்துவிடும். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே கப்பலா என்ற புளூட்டார்க் காலத்துக் கேள்வி. அந்தக் கேள்வி எனக்கு இங்கே அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை. நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதை எப்போதோ தீர்த்துவிட்டது. சேசிஸ் நம்பர் இருந்தால் அதே வண்டி. எஞ்சின் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மாற்றியதை மறைக்காமல் எழுதி வைக்கிறவரை பொருளின் அடையாளத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. பவிங்டனில் எதையும் மறைக்கவும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். அதைச் சொல்ல நம் கோயிலுக்குள் போக வேண்டும்.

நம் மரபில் பின்னமான சிலை பூஜைக்கு ஆகாது. மூக்கு உடைந்தாலோ கை போனாலோ அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். கோயில் பழசானால் ஜீர்ணோத்தாரணம், திருப்பணி, புது வர்ணம், கும்பாபிஷேகம். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைச் ‘சுத்தம்’ செய்து கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்த திருப்பணிகளும் உண்டு. அந்த வயிற்றெரிச்சலை இங்கே எழுத இடமில்லை. ஆனால் அந்த மரபின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. சாமி பழைய பொருள் இல்லை, இப்போது இருக்கிறவர். இருக்கிறவருக்குக் காயம் இருக்கக் கூடாது. அருங்காட்சியகத்தின் தர்க்கம் இதற்கு நேர் எதிர். அங்கே உடைந்த மூக்குக்குத்தான் மதிப்பு. என்ன நடந்தது என்று சொல்வது அந்த உடைவுதான். பூஜைக்கு முழுமை வேண்டும், சாட்சிக்குப் பின்னம் வேண்டும்.

டைகர் 131 இரண்டுமாக இருக்கப் பார்க்கிறது. வருடத்தின் பெரும்பகுதி மண்டபத்துக்குள் மூலவர் மாதிரி அசையாமல் நிற்கிறது. ‘டைகர் டே’ என்று அறிவிக்கும் சில நாட்களில் மட்டும் உற்சவராக வெளியே வருகிறது. வெளியே ஒரு மண் மைதானம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஜனம். ஒலிபெருக்கியில் வர்ணனை. டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

அப்படி ஒரு நாளில்தான் நான் போனேன். தனியாக இல்லை. லண்டனில் எனக்குப் பழக்கமான ஒரு அண்ணனும் அவருடைய பதினோரு வயது மகனும் உடன் வந்தார்கள். அண்ணன் கிளிநொச்சிப் பக்கத்தவர். 2009 மே வரை வன்னியில் இருந்துவிட்டுப் பிறகு இங்கே வந்தவர். பையன் லண்டனில் பிறந்தவன். கணினி விளையாட்டிலிருந்து டாங்கிகளின் பெயர், எடை, இரும்பின் கனம் எல்லாம் மனப்பாடம். முன்பக்கம் 100 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 80 என்று அவன்தான் எனக்குச் சொன்னான். அவனுக்காகத்தான் அண்ணன் வந்தார். “பெடியன் மூண்டு வருசமாக் கேக்கிறான், தம்பி. எத்தினை தரம் இல்லையெண்டு சொல்லுறது?”

டைகர் வந்தது. அந்தச் சத்தத்தை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும்: எனக்குப் பிடித்திருந்தது. காதால் கேட்பதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று படிந்த அந்தப் பெரிய சக்கரங்கள், பட்டைச் சங்கிலி மண்ணைக் கடித்துத் திரும்புவது, பின்னால் எழும் புகை எல்லாமே ஒரு யானை நடப்பதைப் போல இருந்தது. கை தட்டினேன். சுற்றிலும் எல்லோரும் தட்டினார்கள். பையன் கத்தினான். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் அங்கே இல்லை.

சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒன்றும் மாறியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவரே பேசினார்.

“சத்தம் பிழை, தம்பி.”

எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள், அதுவாக இருக்கலாம் என்று நான் உளறினேன்.

“அதில்லை. சத்தம் சரிதான். நாங்கள் இருக்கிற இடம் பிழை. எங்களுக்கு அது ஒருநாளும் முன்னால வந்து நிண்டதில்லை. பங்கருக்குள்ள இருப்பம். எங்கையோ தூரத்தில கேக்கும். கிட்ட வருதோ, விலத்திப் போகுதோ எண்டு தெரியாது. சத்தம் நிண்டால்தான் பயம். நிண்டால் சுடப்போறான் எண்டு அர்த்தம்.”

அவர் கேட்டது டைகர் இல்லை, இலங்கை இராணுவத்தின் டி-55. இயந்திரம் வேறு, போர் வேறு. ஆனால் அவர் சொன்னது பவிங்டனுக்கு அப்படியே பொருந்துகிறது. பதின்மூன்று வருடம் உழைத்து ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் வைத்தவர்கள், பார்க்கிற நம்மை மட்டும் வேறு இடத்தில் வைத்துவிட்டார்கள். டாங்கியை அதன் காலத்தில் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதன் குழலுக்கு எதிரே இருந்தவர்கள். அந்த இடத்தில் இருந்து அதற்கு வடிவமே கிடையாது, திசை தெரியாத சத்தம் மட்டும்தான். நாம் பக்கவாட்டில், பத்திரமான தூரத்தில், ஐஸ்கிரீமோடு நின்று அதன் முழு உருவத்தையும் பார்க்கிறோம். போரில் யாருக்கும் கிடைக்காத காட்சி அது.

இதைச் சொல்வதால் சீரமைத்த மெக்கானிக்குகளை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்தப்பாவின் பிள்ளை நான். ஓடாத வண்டியைப் பற்றி அவர் சொல்வது, “அது வண்டியில்லடா, சாமான்.” ஓட வைத்தால்தான் தெரியும் விஷயங்கள் உண்டு. டைகரின் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து அடுக்கப்பட்டவை. உள்வரிசையில் ஒரு சக்கரம் கெட்டால், அதைத் தொடுவதற்கு வெளியே உள்ள பலவற்றைக் கழற்ற வேண்டும். காகிதத்தில் இது ஒரு வரி. கழற்றிப் பார்த்தவனுக்கு, உறைபனியில் சேறு இறுகிய இரவில் அந்த வேலையைச் செய்த பத்தொன்பது வயதுப் பையனின் விரல்கள் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் வராத அறிவு அது. பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதே பொய் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஸ்கின் வாதிட்டார். அவர் ஒருநாளாவது கையில் ஸ்பானர் பிடித்திருந்தால் அவ்வளவு கறாராகச் சொல்லியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

மெக்கானிக் சரியாகச் செய்தார். விடுபட்டது மெக்கானிக்கின் வேலை இல்லை. அது என்ன என்பதற்கு அதே டைகரின் கதையிலேயே ஒரு சான்று இருக்கிறது.

பல பத்தாண்டுகளாக, டைகர் 131 பிடிபட்டது 1943 ஏப்ரல் 21 அன்று, ஜெபல் ஜாஃபா என்ற இடத்தில் என்றுதான் சொல்லி வந்தார்கள். பிறகு, துனீசியாவில் சண்டையிட்ட ஒரு பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயின் மகன், தன் தகப்பனார் சொன்ன கதை அருங்காட்சியகம் சொல்லும் கதையோடு பொருந்தவில்லை என்று தேடத் தொடங்கினார். அந்தத் தேடலில் தேதியும் மாறியது, குன்றும் மாறியது. அது பிடிபட்டது ஏப்ரல் 24 அன்று, குரியத் எல் அட்டாச் என்ற இடத்தில், வரைபடத்தில் ‘புள்ளி 174’ என்று குறிக்கப்பட்ட மேட்டில். ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படைப்பிரிவினர் அந்த மேட்டில் ஏறிக் குழி தோண்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேல்தான் இந்த டாங்கி வந்தது.

இரும்பு சரியாக இருந்தது, இடம் தப்பாக இருந்தது. டாங்கியின் ஒவ்வொரு பாகத்தையும் ஆராய்ந்தவர்களிடம் அது யார் மேல் போனது என்ற விவரம் இல்லை. அது ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் பேச்சாக இருந்து, மகன் காதில் விழுந்து, இத்தனை காலம் கழித்து அருங்காட்சியகத்துக்கு வந்தது. குழலின் மறுமுனையில் இருந்தவர்களிடமிருந்து வந்த திருத்தம் அது. அதை நான் சீரமைப்பின் ஒரு பகுதி என்றே சொல்வேன். எஞ்சினைவிட முக்கியமான பகுதி என்றும் சொல்வேன், சித்தப்பா கோபித்துக்கொண்டாலும்.

இன்னொரு மறுமுனையும் உண்டு. டைகர்களைக் கட்டியது காஸல் நகரத்தில் இருந்த ஹென்ஷல் ஆலை. கட்டாயத் தொழிலாளர்களை வேலை வாங்கிய ஆலை அது. டைகர் 131-ஐத் துனிஸ் நகரில் அரசர் ஆறாம் ஜார்ஜும் சர்ச்சிலும் வந்து பார்த்தார்கள். பிறகு 1943 இலையுதிர்காலத்தில் அது கப்பலில் இங்கிலாந்துக்கு வந்து, லண்டனில் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் வேடிக்கைக்கு நிறுத்தப்பட்டது. அதே இலையுதிர்காலத்தில், அக்டோபர் 22 இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் காஸலை எரித்தன. ஒரே இரவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள். டாங்கி பிறந்த ஊர் எரிந்து, டாங்கி மட்டும் மிஞ்சியது. 2014-ல் ஒரு ஹாலிவுட் போர்ப்படத்தில் எதிரி டாங்கியாக நடித்துக்கூட விட்டு வந்தது.

அப்படியானால் வேறு எப்படி வைப்பது? வட பிரான்ஸில் கம்ப்ரே நகரத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெஸ்கியேர் என்ற கிராமம் இருக்கிறது. 1917 நவம்பர் 20 அன்று பிரிட்டிஷார் நானூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளோடு அங்கே தாக்கினார்கள். அவற்றில் ஒன்று டி-51, ‘டெபோரா’ என்று பெயர் எழுதப்பட்ட மார்க் 4 டாங்கி. ஜெர்மானிய பீரங்கிக் குண்டுகள் பட்டு அது நின்றது. உள்ளே இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பிறகு அதைக் குழியில் தள்ளி மண் மூடிவிட்டார்கள். மறந்தும் போனார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வருடக்கணக்கில் தேடி 1998-ல் அதைத் தோண்டி எடுத்தார். 2017 நவம்பரில், தாக்குதலின் நூறாவது ஆண்டில், அதற்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள்.

டெபோராவை யாரும் ஓட வைக்கவில்லை. வர்ணம் அடிக்கவில்லை. குண்டு கிழித்த வாய் அப்படியே பிளந்து கிடக்கிறது. அந்தக் கட்டடம் இருப்பது ஒரு சிறிய போர் மயானத்தை ஒட்டி. இறந்த ஐந்து பேரும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். டாங்கியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நடந்தால் அவர்கள் பெயர் எழுதிய கற்கள். இரும்பும் மனிதரும் அவ்வளவு கிட்டத்தில். இதுவல்லவா சரியான முறை என்று தோன்றியது. இதை அண்ணனிடம் ஒருநாள் தொலைபேசியில் சொன்னேன். காயத்தை வைத்திருக்கிறார்கள், இடத்தை வைத்திருக்கிறார்கள், செத்தவர்களைப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கொஞ்சம் உற்சாகமாகவே பேசினேன்.

அவர் அவசரப்படாமல் கேட்டார். பிறகு, “ஆனையிறவுக்குப் போயிருக்கிறீரோ?” என்றார்.

போயிருக்கிறேன். ஏ-9 சாலையோரம் ஒரு கவச புல்டோசர் நிற்கிறது. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைப் பிடிக்கப் புலிகள் இரும்புத் தகடு அடித்துக் கொண்டுவந்தது. ஒரு சிங்களச் சிப்பாய் கைக்குண்டுகளோடு அதன் மேல் ஏறி, அதை நிறுத்தித் தானும் இறந்தார். இன்று அது அவருடைய நினைவுச் சின்னம்.

“அதுக்கும் ஒருத்தரும் வெல்டிங் வைக்கேல்லை. நடந்த இடத்திலதான் நிக்குது. செத்தவற்ற பேரும் இருக்கு. நீர் சொன்ன எல்லாம் இருக்கு, தம்பி. உள்ளுக்க இருந்தவையின்ர பேர் இருக்கோ?”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. காயத்தை அப்படியே விடுவது நேர்மை என்று நினைத்திருந்தேன். எந்தக் காயத்தைக் காட்டுவது என்பதையும் வென்றவர்தான் முடிவு செய்கிறார். டைகரின் குழலில் உள்ள பள்ளம் பிரிட்டிஷ் குண்டு போட்டது. அதனால்தான் அது அவ்வளவு அருமையாகப் பாதுகாக்கப்படுகிறதோ என்று இந்த வரியை எழுதும்போது தோன்றுகிறது. டெபோராவிலும் அப்படித்தான். அதன் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே இருந்த ஜெர்மானியர்களின் கல்லறை அந்த மயானத்தில் இல்லாததை, உற்சாகத்தில் நானும் கவனிக்கவில்லை.

பவிங்டனிலிருந்து திரும்பிய அன்று பையன் கடையில் ஒரு பிளாஸ்டிக் டைகர் வாங்கினான். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு, நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டியது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் காசு கொடுத்தார். காரில் யாரும் அதிகம் பேசவில்லை. “அப்பா, ஏன் எழும்பிப் போனீங்கள்?” என்று பையன் ஒரு தடவை கேட்டான். “தலையிடி” என்றார்.

சில மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது அது கட்டி முடிந்து அலமாரியில் இருந்தது. துனீசியாவின் மண் நிறம், கோபுரத்தில் 131 என்ற எண், எல்லாம் கச்சிதம். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். குழலுக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல். அரத்தால் தேய்த்திருந்தது.

“அப்பா போட்டவர், மாமா. நான் வேண்டாம் எண்டனான், வடிவில்லாமல் போகும் எண்டு” என்றான் பையன்.

அதைத் திரும்ப வைக்கும்போது குழலைக் கதவுப் பக்கமாக வைத்தேன், முன்பு இருந்தபடியே. தேநீர் கொண்டுவந்த அண்ணன், போகிற போக்கில், ஒரு விரலால் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். பையன் எழுந்து போய் மறுபடி கதவுப் பக்கம் திருப்பினான். அந்த வீட்டில் இது தினமும் நடக்கிறது போலிருக்கிறது. இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.